செவிலியர் சொல் அம்பலம் ஏறுமா?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நம் கையில் தரப்படும் கட்டணச் சீட்டைக் கூட்டுத்தொகையோடு நிறுத்திவிடாமல் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்ப்பது நல்லது. மருத்துவர் ஆலோசனைக் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், மயக்கவியல் நிபுணர் கட்டணம், ஆய்வகப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துகள், கையுறை, பஞ்சு, ஊசிக்குழல் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக அதில் இடம்பெற்றிருக்கும். ஆனால், இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருந்த செவிலியரின் பணி பெரும்பாலான சீட்டுகளில் அறை வாடகைக்குள் கரைந்துபோயிருக்கும். தனி வரி இருந்தாலும், நாளொன்றுக்கு இவ்வளவு என்ற சிறு தொகையாகவே அது காணப்படும். கட்டில், மின்விசிறி, குளியலறை ஆகியவற்றின் வரிசையில் செவிலியரும் வைத்து எண்ணப்படுகிறார் என்று பொருள்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், கணக்கு எழுதும் முறையில் உள்ள சிறு குறை என்று இதைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. ஒரு நிறுவனத்தில் வருவாய் ஈட்டுவதாகக் காட்டப்படும் பிரிவு வளரும். செலவாக மட்டும் காட்டப்படும் பிரிவு, நெருக்கடி வரும்போது முதலில் குறைக்கப்படும். ஸ்கேன் கருவி முதல் வகை. செவிலியர் இரண்டாம் வகை. அதிலும், செவிலியரின் மிகச் சிறந்த பணியின் விளைவு பெரும்பாலும் 'நிகழாத ஒன்று'. வராமல் போன படுக்கைப்புண், தவறி விழாத முதியவர், மாறிப் போகாத மருந்து, நேற்றிரவு நேராத மரணம். இவற்றுக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை.

மருத்துவச் சேவையை வாங்குபவரால் அதன் தரத்தை மதிப்பிட இயலாது என்பதையும், அதனால் அந்தச் சந்தையில் நம்பிக்கைக்குத் தனி இடம் உண்டு என்பதையும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அவர் மனதில் இருந்தவர் மருத்துவர். செவிலியரைப் பொருத்தவரை நம் அறியாமை இன்னும் ஒரு படி ஆழமானது. மருத்துவரின் திறமையை நாம் எப்படியோ விசாரித்து அறிய முயல்கிறோம். அந்த வார்டின் இரவுச் செவிலியர் யார், அவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

மருத்துவர் எழுதிவைத்ததை நேரம் தவறாமல் செய்வதே செவிலியர் பணி என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. அது பாதி உண்மைதான். மருத்துவர் நோயாளியைச் சுற்றுப்பார்வையின்போது சில நிமிடங்கள் பார்க்கிறார். மீதி நேரமெல்லாம் நோயாளியின் உடலில் நிகழும் மாற்றங்களுக்குச் சாட்சி செவிலியரே. எது இயல்பான மாற்றம், எது ஆபத்தின் முன்னறிவிப்பு என்று பிரித்தறிய வேண்டியவரும் அவரே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் இரவு. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு நிமிடத்துக்கு 16 ஆக இருந்த சுவாச எண்ணிக்கை பத்து மணிக்கு 20, நள்ளிரவில் 24. நோயாளி போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார். 'தூக்கம் வரலைன்னு புரண்டுக்கிட்டே இருக்கார் சிஸ்டர், ஒரு மாத்திரை கொடுங்களேன்' என்கிறார் உடனிருக்கும் மனைவி. தேவைப்பட்டால் தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்று மருத்துவரும் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த மாத்திரையைக் கொடுப்பது விதிமீறல் ஆகாது. ஆனால், அனுபவமுள்ள செவிலியர் மாத்திரையை எடுப்பதற்கு முன் சிறுநீர்ப் பையைப் பார்ப்பார். கை கால்களைத் தொட்டு அவை சில்லிட்டிருக்கின்றனவா என்று அறிவார். அறுவைக் காயத்தின் கட்டை விலக்கிப் பார்ப்பார். நோயாளியிடம் பெயரையும் இடத்தையும் கேட்டுத் தெளிவாகப் பதில் வருகிறதா என்று கவனிப்பார். உள்ளே ரத்தம் கசிகிறதோ, நோய்த்தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரை எழுப்புவார். மாத்திரை கொடுத்திருந்தால் அமைதியாகத் தூங்குகிறார் என்று காலை வரை எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். ஆபத்து அந்த நிம்மதிக்குள் வளர்ந்திருக்கும்.

சுவாசத்தை எண்ண விலையுயர்ந்த கருவி வேண்டாம். கைக்கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். ஆனாலும், மருத்துவமனைக் குறிப்பேடுகளில் மிகவும் அலட்சியமாக நிரப்பப்படும் கட்டம் அதுதான். வார்டு முழுக்க எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எண் எழுதப்பட்டிருப்பதை மருத்துவர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்ற முறையை அறிமுகப்படுத்தி, 2017-இல் திருத்தியது. சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் அவசரநிலை. மேற்சொன்ன நோயாளியின் சுவாசத்துக்கு மட்டுமே 2 மதிப்பெண் வந்துவிடும்.

மீட்கத் தவறுதல் என்ற கருத்தாக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி சில்பர் 1992-இல் முன்வைத்தார். சிக்கல் ஏற்படுவது பெரும்பாலும் நோயாளியின் உடல்நிலையைப் பொருத்தது. ஏற்பட்ட சிக்கலிலிருந்து அவர் மீட்கப்படுகிறாரா என்பது மருத்துவமனையைப் பொருத்தது என்பது அதன் சாரம். 2009-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அறுவை சிகிச்சை மரணங்கள் மிகக் குறைவாக உள்ள அமெரிக்க மருத்துவமனைகளில் 26.9 சதவீத நோயாளிகளுக்குச் சிக்கல் ஏற்பட்டது. மரணங்கள் மிக அதிகமாக உள்ள மருத்துவமனைகளில் 24.6 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், பெருஞ்சிக்கல் ஏற்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாம் வகையில் 21.4 சதவீதம். இந்த இடைவெளியின் முதல் கண்ணி, மாற்றத்தை முதலில் கவனிக்கும் செவிலியர்.

கவனித்தல் என்பது கருவிகளைப் படிப்பதோடு முடிவதில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுப் பொருள்கொள்வது அதைவிடக் கடினம். நம் மொழியில் 'மயக்கம்' என்ற ஒரே சொல் தலைசுற்றலையும் குறிக்கும், கண் இருட்டுவதையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும், பசிக் களைப்பையும் குறிக்கும். 'மயக்கமா வருது' என்று ஒரு பாட்டி சொன்னால், அறை சுற்றுகிறதா, எழுந்து நின்றவுடன் வருகிறதா, வியர்த்ததா, காலையில் சாப்பிட்டாரா என்று நான்கு கேள்வி கேட்டால்தான் அது காதின் பிரச்னையா, ரத்த அழுத்த மாத்திரையின் விளைவா, சர்க்கரை இறக்கமா என்பது புலப்படும். 'வாயு' அதைவிட ஏமாற்றுக்காரச் சொல். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் மாரடைப்பு, நாம் அறிந்த நெஞ்சுவலியாக வராமல், மூச்சுத்திணறலாகவோ மேல்வயிற்றுச் சங்கடமாகவோ வருவதுண்டு. 'வாயு பிடிச்சிருக்கும்மா, கொஞ்சம் ஓமத்தண்ணி குடிச்சா சரியாப்போகும்' என்று நோயாளியே முடிவு கூறிவிடும்போது, அதைக் கேட்டுத் தலையசைக்காமல் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். 'வலி பரவாயில்லை' என்று முதியவர்கள் சொல்வதையும் அப்படியே எழுதிவிட முடியாது. மகனுக்குச் செலவு கூடுமே என்று வலியை விழுங்குகிறவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம்.

எதிர்த்திசையில் செல்லும் செய்தியிலும் இதே சிக்கல் உண்டு. 'புரிந்ததா?' என்று கேட்டால் நம் மக்கள் பெரும்பாலும் 'புரிந்தது' என்றே சொல்வார்கள். வெள்ளை உடை அணிந்தவரிடம் புரியவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதுகிற தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆகவே, 'வீட்டுக்குப் போய் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள் ஐயா' என்று கேட்பதே சரியான முறை. இன்சுலின் போடும் முதியவரிடம் 'உணவுக்கு அரை மணி நேரம் முன்பு' என்று சொல்லி அனுப்புவது எளிது. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பீர்களா, கிருத்திகைக்கு என்ன செய்வீர்கள், ரமலான் நோன்பில் மருந்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டீர்களா என்று விசாரித்து அனுப்புகிற செவிலியர், ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து நினைவிழந்து திரும்பி வரும் ஒரு நோயாளியைத் தடுத்துவிடுகிறார்.

இன்னும் நுட்பமான இடமொன்று உண்டு. 'அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்' என்று பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறார்கள். நள்ளிரவில், பிள்ளைகள் உறங்கியபின், அந்த அப்பா செவிலியரைத்தான் கேட்கிறார்: 'உண்மையைச் சொல்லும்மா, எனக்கு என்ன?' பொய் சொல்லவும் கூடாது. நோயின் பெயரை அறிவிக்கும் பொறுப்பு தமக்குரியதும் அன்று. 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது ஐயா?' என்று கேட்டு, அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்பதைக் கேட்டறிந்து, காலையில் மருத்துவரிடமும் குடும்பத்திடமும் 'அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்' என்று எடுத்துச் சொல்வது தேர்ந்த செவிலியரின் வழி. எந்தக் குறிப்பேட்டிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

இவ்வளவும் கவனித்து உணர்ந்த பிறகும், அதை மேலே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. மருத்துவமனை அம்பலத்தில் செவிலியர் சொல்லுக்கும் பல நேரங்களில் அதே கதிதான். இரவு இரண்டு மணிக்குத் தலைமை அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டுமானால், இருபத்து நான்கு வயதுச் செவிலியர் பத்து முறை யோசிக்கிறார். 'இதுக்கெல்லாமா கூப்பிடுவது?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர் கூப்பிடமாட்டார். மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாகவே வைத்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். நான்கில் ஒன்று, முதல் மூன்றின் ஏவலர் அல்லர்.

சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவான தகவல் பரிமாற்ற முறை ஒன்றைக் கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனத்தினர் மருத்துவமனைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். இப்போது அது உலகெங்கும் செவிலியர் கல்வியில் இடம்பெறுகிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு படிகள். 'நோயாளி ஒரு மாதிரியாக இருக்கிறார் டாக்டர்' என்பதற்குப் பதிலாக, 'பன்னிரண்டாம் படுக்கை நோயாளியின் சுவாசம் நான்கு மணி நேரத்தில் 16-லிருந்து 24 ஆகியிருக்கிறது, நேற்று குடல் அறுவை சிகிச்சை ஆனவர், சிறுநீர் குறைந்திருக்கிறது, உள்ளே ஏதோ நிகழ்கிறது என்று அஞ்சுகிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்' என்று சொல்ல இது பழக்குகிறது. முதல் மூன்று படிகளை நம் செவிலியர்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறார்கள். நான்காவது படியில்தான் நா எழுவதில்லை. மருத்துவரிடம் 'நீங்கள் வர வேண்டும்' என்று பரிந்துரைப்பது நம் சூழலில் அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதப்படுகிறது.

இங்கிலாந்தில் 2021-இல் பதின்மூன்று வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ரத்த நோய்த்தொற்றால் இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் கூறியது பொருட்படுத்தப்படவில்லை. அவள் பெயரால் 2024 முதல் அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அறிமுகமாகிவரும் விதியின்படி, நோயாளியின் குடும்பத்தினரோ செவிலியர் உள்ளிட்ட பணியாளரோ வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை நேரடியாக அழைத்து மறுபார்வை கோரலாம். மூத்த மருத்துவரின் முகம் கோணுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. விதியே அந்த உரிமையை வழங்குகிறது.

செவிலியரின் தீர்மானத்தின்மேல் ஒரு மாநிலமே நம்பிக்கை வைத்த வரலாறு நம்மிடமும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் தமிழக அரசு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்ப்பதற்காக, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. இரவில் மருத்துவர் இல்லாத நிலையத்திலும் பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பார். பிரசவம் இயல்பாக நடக்குமா, வட்டார மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்புவதானால் எப்போது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். 2001-03-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழகத்தின் பேறுகால மரண விகிதம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்திய சராசரி 97. ரத்த வங்கிகள், அவசர ஊர்தி, ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை செய்யும் முறை, பெண்கல்வி எனப் பல காரணங்கள் இதில் உண்டு. ஆயினும், அந்த மூன்று செவிலியர் இல்லாமல் அவசர ஊர்தியை அழைத்திருக்கவே ஆளிருந்திருக்காது.

பிரசவ அறை இன்னொரு பாடத்தையும் தருகிறது. அனுபவம் மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பின் வெளியேறும் ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது, தேர்ந்தவர்களும் அளவைக் குறைத்தே சொல்கிறார்கள். துணியிலும் தரையிலும் பரவிய ரத்தம் கண்ணை ஏமாற்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அளவுக்கோடு அச்சிட்ட எளிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தாய்க்கு அடியில் வைத்தார்கள். குறிப்பிட்ட கோட்டை ரத்தம் தொட்டவுடன் கருப்பையைப் பிசைவது, மருந்துகள், நரம்புவழித் திரவம், பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே தொகுப்பாகத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 60 சதவீதம் குறைந்தது. விரிப்பு அளவைச் சொல்கிறது. மருத்துவர் வரும்வரை காத்திராமல் உடனே செயல்படும் அதிகாரம் பிரசவ அறையில் இருப்பவரிடம் இருக்கிறது. இரண்டில் எது குறைந்தாலும் பயனில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நோயாளியிடம் சொல்லிக் காட்டச் சொல்லி உறுதிசெய்வதற்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முப்பது படுக்கைகளுக்கு இரண்டரை மணி நேரம். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால், முப்பது பேரின் சுவாசத்தை அறிய மட்டும் அரை மணி நேரம். அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவுக்கு இரவில் சென்று பார்ப்பவர், இது கற்பனைக் கணக்கு இல்லை என்பதை அறிவார். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எண் ஏன் எழுதப்படுகிறது என்பதற்கு விடை செவிலியரின் ஒழுக்கத்தில் இல்லை. இந்தப் பெருக்கல் கணக்கில் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இது கூட்டு வட்டியைப் போன்றது. நான்கு நோயாளிகளுக்கு ஒருவர் என்ற நிலை எட்டுக்கு ஒருவர் என்று மாறினால் 31 சதவீதம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம் கிடைத்தது. நல்ல மருத்துவமனைகள் வேறு காரணங்களாலும் நல்லவையாக இருக்கலாமே என்று ஐயுறுவது பொருளாதாரத்தில் எங்களுக்கு ஊறிய பழக்கம். அந்த ஐயத்துக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஓரளவு விடை தந்தது. அங்கே 2016-இல் குறிப்பிட்ட 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற சராசரி விகிதம் சட்டமாக்கப்பட்டது. விகிதம் விதிக்கப்படாத 28 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு, லான்செட் இதழில் 2021-இல் முடிவு வெளியானது. மரணங்கள் குறைந்தன. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பியதாலும், மீண்டும் சேர்க்கப்படுவது குறைந்ததாலும் மிச்சமான தொகை, கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொதுப் பிரிவில் மூன்று பேருக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறிமுறை. நெறிமுறை என்பதால் அது மீறத்தக்கதாக இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து, உச்சநீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளம், செவிலியரின் நீண்ட போராட்டத்துக்குப்பின், 2018-இல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. தமிழகத்தில் அரசே, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்ந்தெடுத்த செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. இரண்டாண்டில் பணிநிரந்தரம் என்ற உறுதி நிறைவேறாததால், 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட நேர்ந்தது. தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது என்றாலும், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று அறியாதவர் இரவு இரண்டு மணிக்கு மூத்த மருத்துவரை எழுப்புவாரா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வேலை நிலையாமையை ஊதியப் பிரச்னையாக மட்டும் பார்க்கிறோம். நோயாளியின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

தவறு நேரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதும் இதனோடு பிணைந்தது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், சிறப்பாக வழிநடத்தப்படும் வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆய்வு செய்தார். முடிவு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு நேர்ந்தால் அச்சமின்றிச் சொல்ல முடிந்தது. மற்ற இடங்களில் மறைக்கப்பட்டது. 'இந்த ஆண்டு ஒரு தவறுகூட நேரவில்லை' என்று அறிக்கை தரும் மருத்துவமனையைக் கண்டு நான் மகிழமாட்டேன், அஞ்சுவேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-இல் ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தவறுதலாகச் செலுத்தினார், நோயாளி இறந்தார். செவிலியர் தம் தவறை உடனே ஒப்புக்கொண்டார். 2022-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். மருந்துப் பெட்டகத்தின் எச்சரிக்கைகளை அவர் தாண்டிச் சென்றது உண்மை. எனினும், இனி எவர் தவறை ஒப்புக்கொள்வார் என்ற கேள்வியை அந்நாட்டுச் செவிலியர் அமைப்புகள் எழுப்பின.

இந்தியாவில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை. மருத்துவ நடைமுறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் அது நேர்ந்தால் இரண்டாண்டு வரை. பதிவுபெற்ற மருத்துவர் என்பவர் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தகுதி பெற்றவர் என்று அப்பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது. வாசகத்தை உள்ளபடி படித்தால், அந்தச் சலுகைக்குள் செவிலியர் வரமாட்டார். ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, ஒரே நடைமுறையில் நேரும் தவறுக்கு மருத்துவருக்கு இரண்டாண்டு, அவர் சொல்லைக் கேட்டுப் பணிபுரிந்தவருக்கு ஐந்தாண்டு என்றாகிறது. சட்டம் இயற்றியவர்கள் இதை வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. செவிலியர் அவர்கள் நினைவுக்கே வரவில்லை. 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல்தான் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் தகுதி பெற்றவர்களையும் 106-ஆவது பிரிவின் விளக்கத்தில் சேர்க்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும்.

மாநில அரசின் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் வழங்கப்படுகிறது. அவ்வகையில் மருத்துவச் சேவையைப் பெருமளவில் வாங்கும் வாடிக்கையாளர் அரசே. பெருமளவில் வாங்குபவர் நிபந்தனை விதிக்கலாம். தொகுப்புக் கட்டணத்தில் செவிலியர் பணிக்குத் தனி வரி ஒதுக்கி, ஒவ்வொரு பணிநேரத்திலும் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தனர் என்ற கணக்கைக் காட்டினால் மட்டுமே அந்தத் தொகை என்று ஆக்கலாம். அந்தக் கணக்கை வார்டு வாசலில் பலகையில் எழுதிவைக்கச் செய்வதற்குச் செலவு ஏதுமில்லை. அரசு மருத்துவமனைகளின் வாசல்களில் முதலில் எழுதிவைத்தால், தனியாரைக் கேட்பதற்கு அரசுக்கு வாய் இருக்கும்.